துப்பாக்கிக்கு லைசென்ஸ் கொடுத்தீர்கள், பழுது பார்க்க ஆள் எங்கே?

 

கடைமடைக்குத் தண்ணீர் வராததைப் பற்றி எழுதியிருக்கிறோம். கொள்முதல் இழுபறியைப் பற்றி எழுதியிருக்கிறோம். வாய்க்கால் தூர் வாராமல் பில் போட்ட கதையையும் எழுதியிருக்கிறோம். இந்தத் தடவை துப்பாக்கியைப் பற்றி எழுதுகிறோம் என்றதும் சங்கத்திலேயே ரெண்டு பேர் சிரித்தார்கள். "போலகத்துல துப்பாக்கியா? நமக்கு மண்வெட்டியே சரியா இல்ல" என்றார் ஒருவர். சிரித்தவர்கள் கடைசிவரை படிக்க வேண்டுகிறோம். விஷயம் துப்பாக்கியோடு முடிவதில்லை.

நம்ம கம்யூனில் ஒரு பெரியவர் இருக்கிறார். பேர் வேண்டாம், அவரே வேண்டாம் என்றுவிட்டார். ஏழு மா நிலம். மேட்டுப் பக்கம் மணல் பாங்கில் கடலை, பள்ளத்தில் சம்பா, அறுத்த பிறகு உளுந்து. அவரிடம் அப்பா காலத்து ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று உண்டு. குழல் வாய் வழியாக மருந்து போட்டுக் கெட்டிக்கிற பழைய ரகம். ஸ்டேஷன் ரிக்கார்டில் எஸ்.பி.எம்.எல் என்று எழுதுவார்களே, அதேதான். பயிர்ப் பாதுகாப்புக்கு என்று முறையாக லைசென்ஸ் வாங்கியது. அதை வைத்து அவர் ஒரு பிராணியையும் சுட்டது கிடையாது. குண்டு போடாமல் வெறும் மருந்தைக் கெட்டி, ராத்திரி ரெண்டு தடவை வெடிப்பார். சத்தத்துக்கே பன்றிக் கூட்டம் கலையும். அவ்வளவுதான் அந்தத் துப்பாக்கிக்கு வேலை.

ரெண்டு பருவத்துக்கு முன்னால் குதிரையைத் தூக்கி நிறுத்துகிற ஸ்பிரிங் ஒடிந்துவிட்டது. விரல் நீளத் தகடு. அதன் விலை ஒரு கட்டு நாற்றுக்கூலி கூட இருக்காது. அன்றிலிருந்து துப்பாக்கி பரணில் கிடக்கிறது. லைசென்ஸ் புத்தகம் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. தவறாமல் புதுப்பிக்கிறார், பணம் கட்டுகிறார், தேர்தல் வந்தால் கொண்டுபோய் ஒப்படைக்கிறார், முடிந்ததும் வாங்கி வருகிறார். எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. துப்பாக்கி மட்டும் வெடிக்காது!

ஏங்க, சரி பண்ண வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். யாரிடம்?

கொல்லர் தொட்டால் ஏழு வருஷம்

பக்கத்து ஊரில் ஒரு பட்டறை இருக்கிறது. பெரிய கொல்லர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் ஐ.டி.ஐ. படித்து லேத் போட்டிருக்கிறார். பவர் டில்லர், பம்புசெட், நெல் அறுக்கிற மிஷின் எதைக் கொடுத்தாலும் சரி செய்வார். பெரியவர் அவரிடம் போய்க் கேட்டார். தம்பி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "ஐயா, ஒரு நிமிஷ வேலைதான். ஆனா நான் அதைத் தொட்டேன்னா என் பிள்ளைங்க தெருவுலதான் நிக்கும்."

தம்பி சொன்னது பயத்தில் சொன்னதில்லை, சட்டம் தெரிந்து சொன்னது. நாமும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம்தான் நாடு முழுக்க நடப்பில் உள்ளது. வெள்ளைக்காரன் 1878-ல் போட்ட ஆயுதச் சட்டத்தை எடுத்துவிட்டு வந்தது இது. அதன் 3-வது பிரிவு துப்பாக்கி வைத்திருப்பதற்கு லைசென்ஸ் கேட்கிறது. அது எல்லாருக்கும் தெரியும். 5-வது பிரிவு நிறையப் பேருக்குத் தெரியாது. துப்பாக்கி செய்ய, விற்க, கைமாற்ற, உருமாற்ற, சோதித்துப் பார்க்க, பழுது பார்க்க, இவை எல்லாவற்றுக்கும் தனி லைசென்ஸ் வேண்டும் என்கிறது அது. விற்கிற வியாபாரியும் ஸ்பிரிங் மாட்டுகிற கொல்லரும் அங்கே ஒரே வரிசையில் நிற்கிறார்கள். பழுது என்றால் எது, எதுவரை சும்மா துடைப்பது, எதிலிருந்து பழுது பார்ப்பது என்று சட்டம் வாய் திறக்கவில்லை.

தண்டனையைக் கேளுங்கள். 5-வது பிரிவை மீறினால் முன்பு 3 வருஷத்துக்குக் குறையாமல் 7 வருஷம் வரை சிறை. 2019 டிசம்பரில் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது 7 வருஷத்துக்குக் குறையாமல் ஆயுள் தண்டனை வரை போகலாம். கள்ளத்துப்பாக்கி செய்து ரவுடிகளுக்கு விற்கிறவனை நினைத்துத்தான் இந்தத் திருத்தம் வந்தது. அதில் நமக்குச் சண்டை இல்லை. ஆனால் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக்கு லைசென்ஸ் இல்லாமல் ஸ்பிரிங் மாட்டுகிற கொல்லரும் அதே பிரிவில்தான் விழுகிறார். கோர்ட்டில் நின்று நான் நல்லவன் என்று நிரூபிக்கிற வரைக்கும் அவர் பட்டறைக் கதவு சாத்தியே கிடக்கும்.

இன்னொன்று. "உடைஞ்சு போச்சு, இனிமே அது துப்பாக்கியே இல்ல, வெறும் இரும்பு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பழுது பார்த்தாலும் சுட முடியாது என்கிற நிலைக்குப் போன பழசுக்குத்தான் 45-வது பிரிவு விலக்குக் கொடுக்கிறது. பழுது பார்த்தால் வெடிக்கும் என்றால் அது துப்பாக்கிதான். லைசென்ஸ் காலாவதியாக விட்டு அதைப் பரணில் வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு 2 வருஷத்துக்குக் குறையாமல் 5 வருஷம் வரை தண்டனை. பெரியவர் வெடிக்காத துப்பாக்கிக்கு விடாமல் பணம் கட்டுவது இதனால்தான். அவரைக் கிண்டல் பண்ணினவர்கள் இதைக் கவனிக்கவும்.

சட்டம் நம்மை மறக்கவில்லை, அதிகாரிகள்தான் மறந்தார்கள்

இந்தச் சட்டத்தை எழுதினவர்களுக்கு விவசாயி ஞாபகத்தில் இருந்திருக்கிறார். 13-வது பிரிவைப் படித்தால் தெரியும். உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கிற துப்பாக்கி கேட்டால் லைசென்ஸ் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். அது போதாது என்று அதிகாரிக்குப் பட்டால் வேறு வழவழப்புக் குழல் துப்பாக்கிக்கும் கொடுக்கலாம் என்றும் இருக்கிறது. ஆளின் யோக்கியதையைப் பார்க்க வேண்டியது அவர்கள் வேலை, அது தனி. ஆனால் பயிரைக் காப்பாற்றுவது ஒரு நியாயமான காரணம் என்று பாராளுமன்றமே ஒத்துக்கொண்ட விஷயம்.

14-வது பிரிவில் இன்னொரு வரி இருக்கிறது. மனுப் போட்டவருக்குப் போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக எந்த லைசென்ஸையும் மறுக்கக் கூடாது. மறுத்தால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும், கேட்டால் கொடுக்க வேண்டும். மறுத்ததை எதிர்த்து அப்பீல் போக 18-வது பிரிவு இருக்கிறது. இதை ஏன் அழுத்திச் சொல்கிறோம் என்றால், லேத் பட்டறைத் தம்பி ஒரு யோசனை வைத்திருக்கிறார்.

அவர் சொல்வது இதுதான். "அண்ணே, லைசென்ஸ் வாங்கி ஊர் ஊரா போய்ப் பண்றேன். டிவிஎஸ் பிப்டியில சாமான் பெட்டி. ஒரு நாளைக்கு ஒரு ஊரு. இங்க இருக்கிற துப்பாக்கியெல்லாம் எண்ணினா ஒரு கடை போட்டு வாடகை கொடுக்க முடியாது. ஊருக்குப் போனாத்தான் கட்டுப்படி ஆகும்."

நல்ல யோசனை. அதற்கு ஒரு அலுவலகத்துக்குப் போய் விவரம் கேட்டார். முதல் கேள்வி: கடை எங்கே? ரெண்டாவது கேள்வி: கடைக்குப் பத்திரம் எங்கே? கடை இல்லை, வண்டியில் போய்ச் செய்வேன் என்றதும் அங்கே இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். "துப்பாக்கி என்ன ஈயம் பூசுற அண்டாவா, தெருவுல கூவிக்கிட்டுப் போறதுக்கு?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தம்பி வாய் பேசாமல் வந்துவிட்டார்.

கேட்டவர் கேலியாகக் கேட்டாலும் விதி அப்படித்தான் இருக்கிறது. 1962-ல் வந்த பழைய ஆயுத விதிகளை எடுத்துவிட்டு 2016-ல் புது விதிகள் கொண்டுவந்தார்கள். பழசிலும் சரி, புதுசிலும் சரி, துப்பாக்கி வியாபாரமும் பழுது பார்ப்பதும் ஒரு இடத்தோடு கட்டப்பட்ட தொழில். எந்த இடத்தில் தொழில் என்று லைசென்ஸிலேயே இருக்கும். வந்த துப்பாக்கி, போன துப்பாக்கி எல்லாவற்றுக்கும் ரிஜிஸ்தர் வேண்டும். அதிகாரி வந்து கேட்டால் காட்ட வேண்டும். துப்பாக்கி வைக்கிற இடம் பூட்டுப் போட்டுப் பத்திரமாக இருக்க வேண்டும். போலீஸ் விசாரித்து அறிக்கை கொடுக்க வேண்டும். கடைசியில் மாவட்ட மாஜிஸ்திரேட், அதாவது நம்ம கலெக்டர், முடிவு செய்வார். எவ்வளவு காலத்துக்கு லைசென்ஸ் என்பதும் அவர் கையில். சொந்தத் துப்பாக்கி லைசென்ஸுக்கு 2019-க்குப் பிறகு 5 வருஷம் என்று சட்டமே சொல்லிவிட்டது. தொழில் லைசென்ஸுக்கு அப்படி எதுவும் கிடையாது.

அமெரிக்காவைப் பாருங்கள், அங்கே வீட்டுக்கு வீடு துப்பாக்கி என்று சொல்வார்கள். அங்கேயும் 1968-ம் வருஷத்துச் சட்டப்படி துப்பாக்கி பழுது பார்த்துப் பிழைக்கிறவர் டீலர் என்ற கணக்கில்தான் வருவார். மத்திய அரசு லைசென்ஸ் வேண்டும், அதுவும் ஒரு முகவரிக்குத்தான். ஆக இடம் கேட்பது நம்ம ஊர் அதிகாரிகள் கிளப்பிய வில்லங்கம் இல்லை. துப்பாக்கியைத் தெரு வியாபாரமாக விடக் கூடாது என்பதில் நமக்கும் சம்மதம்தான். நாம் கேட்பது அந்த இடத்தை ஏழைக்கும் கிடைக்கிற மாதிரி அரசாங்கமே காட்டலாமே என்பது.

பெரியவர் பஸ் ஏறினால்

லைசென்ஸ் உள்ள கடைக்கே எடுத்துப் போகலாமே என்று சொல்கிறார்கள். அந்தக் கடைகள் பெரிய நகரங்களில் இருக்கின்றன. நம்ம நிலைமையை யோசியுங்கள். காரைக்கால் தமிழ்நாட்டுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட துண்டு. 1954-ல் பிரெஞ்சுக்காரன் போனான், கோடு போகவில்லை. வாஞ்சூர் தாண்டினால் நாகூர், அது தமிழ்நாடு. மற்றப் பக்கங்களிலும் அப்படித்தான், ஒரு பக்கம் கடல். நம்ம தலைநகரம் புதுச்சேரிக்குப் போக வேண்டுமென்றாலும் தமிழ்நாட்டு ரோட்டில் 100 கிலோமீட்டருக்கு மேல் போயாக வேண்டும்.

பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸில் எந்த எல்லைக்குள் செல்லும் என்று எழுதியிருக்கும். நிலத்தைக் காக்கக் கொடுத்தது, நிலத்தைச் சுற்றித்தான் செல்லும். அதைக் கோணிச் சாக்கில் சுற்றிக்கொண்டு எழுபது வயது மனுஷன் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் ஏற்றுவாரா? எல்லையில் சோதனை போட்டால் என்ன பதில் சொல்வார்? முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கலாம், உண்மைதான். அந்த அனுமதிக்கு ரெண்டு நாள் அலைச்சல், போய்வர ரெண்டு நாள், பழுது பார்த்துத் திரும்ப வாங்க இன்னொரு நடை. ஒரு தகட்டு ஸ்பிரிங்குக்கு அறுப்பு நாளில் ஒரு வாரம் போகும்.

இங்கே சட்டத்தில் நமக்குச் சாதகமான ஒரு வரி உண்டு, குறித்துக்கொள்ளுங்கள். 3-வது பிரிவிலேயே, லைசென்ஸ்தாரர் கூட இருந்தாலோ அவர் எழுத்தில் அதிகாரம் கொடுத்தாலோ, லைசென்ஸ் இல்லாத வேறொருவர் அந்தத் துப்பாக்கியைப் பழுது பார்க்கவோ லைசென்ஸ் புதுப்பிக்கவோ எடுத்துப் போகலாம் என்று இருக்கிறது. மகனோ பேரனோ கடிதத்தோடு கொண்டு போகலாம். ஆனால் வாய்ச்சொல் ஆகாது, எழுத்து வேண்டும். கொண்டு போகிற இடம் லைசென்ஸ் உள்ள கடையாக இருக்க வேண்டும். லைசென்ஸின் எல்லை தாண்டுவதானால் ஸ்டேஷனில் கேட்காமல் கிளம்பாதீர்கள்.

திருச்சியில் துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறதே, அங்கே கொடுத்தால் என்ன என்று ஒருவர் கூட்டத்தில் கேட்டார். நல்ல கேள்விதான், எல்லாரும் கைதட்டினோம். அது பட்டாளத்துக்கும் போலீசுக்கும் ரைபிள் செய்கிற அரசாங்கத் தொழிற்சாலை. நம்ம தாத்தா காலத்துக் கெட்டித் துப்பாக்கிக்கு அங்கே வாசல் கிடையாது.

பழுதான துப்பாக்கிக்குப் பதிலாக வருவது என்ன?

சிரித்தவர்கள் இந்தப் பத்தியைப் படியுங்கள். டெல்டாவில் பல பக்கம் காட்டுப்பன்றி கரும்பிலும் நெல்லிலும் விழுந்து உழப்புகிறது. கடலை போட்ட இடத்தில் ஒரு ராத்திரி இறங்கினால் விடியும்போது உழுத வயலாட்டம் கிடக்கும். சத்தம் போட முடியாதவன் என்ன செய்வான்? கம்பியை இழுத்துக் கட்டிக் கள்ளக் கரண்ட் கொடுக்கிறான். எலிக்கும் அதேதான் செய்கிறார்கள். அதில் மாடு செத்திருக்கிறது, தண்ணி பாய்ச்சப் போன கூலியாள் செத்திருக்கிறார், கம்பி கட்டினவனே மறந்து மிதித்துச் செத்த கதையும் தமிழ்நாடு முழுக்க இருக்கிறது. வேலி கட்டினவன் மேல் கொலைக்குச் சமமான கேஸ். செத்தவன் குடும்பமும் தெருவில், கட்டினவன் குடும்பமும் தெருவில். ரெண்டு குடும்பமும் நம்ம குடும்பம்தான்.

இன்னும் சில பேர் மேற்குப் பக்கம் அவுட்டுக்காய் வைக்கிறார்கள். அதைக் கடித்து வாய் கிழிந்து யானை செத்தது, மாடு செத்தது. பைப்பில் கார்பைடு போட்டு வெடிக்கிறது என்று ஒரு வித்தை வந்தது. 2025 தீபாவளி சமயத்தில் மத்தியப் பிரதேசத்தில் அந்தக் கார்பைடுக் குழாயால் எத்தனையோ பிள்ளைகளுக்குக் கண்ணில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். கடையில் சல்லிசாகக் கிடைக்கிறதே என்று வயலுக்கு வாங்காதீர்கள்.

இந்த மூன்றையும் விட, லைசென்ஸ் நம்பர் போட்டு, ஸ்டேஷனில் பேர் இருக்கிற, ஒழுங்காகப் பழுது பார்த்த ஒரு துப்பாக்கி எந்த விதத்தில் ஆபத்து?

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். துப்பாக்கி லைசென்ஸ் வேறு, பிராணியைச் சுட அனுமதி வேறு. முன்னது ஆயுதச் சட்டம், பின்னது 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். பயிர்ப் பாதுகாப்பு என்று லைசென்ஸில் எழுதியிருக்கிறது என்பதால் காட்டுப்பன்றியைச் சுட்டுவிட முடியாது. அதற்குத் தனியாக வனத்துறை உத்தரவு வேண்டும். மயில் வந்து உளுந்தைத் தின்கிறது என்று துப்பாக்கியைத் தூக்கினால் கதை முடிந்தது, அது தேசியப் பறவை, முதல் அட்டவணையில் இருக்கிறது. வெறும் சத்தம் போடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மற்ற மாநிலத்துக்காரன் வாங்கியிருக்கிறான்

கர்நாடகத்தில் குடகு. அங்கே குடகு இனத்தாருக்கும் ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் துப்பாக்கி லைசென்ஸிலிருந்தே விலக்கு. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வருகிறது. 2019-ல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் 2021-ல் அது செல்லும் என்றது. நாம் அந்த மாதிரி விலக்குக் கேட்கவில்லை. சாதி, நிலத்தைப் பார்த்து விலக்குக் கொடுப்பது சரியா என்பதில் சங்கத்துக்குள்ளேயே ரெண்டு கருத்து இருக்கிறது.

கேரளாவில் 2022-ல் ஒரு ஏற்பாடு செய்தார்கள். பயிரை அழிக்கிற காட்டுப்பன்றியைச் சுட உத்தரவு போடுகிற அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தார்கள். லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்களைப் பட்டியல் எடுத்து அவர்களைக் கொண்டு சுடுகிறார்கள். தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் வேறு மாதிரி செய்தார்கள். காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையே சுடும் என்றார்கள். விவசாயிக்கு அதில் துப்பாக்கி இல்லை, தகவல் சொல்கிற வேலைதான்.

நமக்கு ரெண்டும் இல்லை. கேரளா மாதிரி உள்ளாட்சித் தலைவருக்கு அதிகாரம் கொடு என்று கேட்கலாம் என்றால் தலைவர் வேண்டுமே! புதுச்சேரி மாநிலத்தில் உள்ளாட்சித் தேர்தல் 2006-ல் நடந்தது. 2011-ல் அவர்கள் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் கம்யூன் பஞ்சாயத்து ஆணையரை வைத்தே ஓட்டினார்கள். அந்தச் சண்டை தனி நோட்டீஸ்.

நாம் கேட்பது

நாங்கள் உட்கார்ந்து பேசி, வக்கீல் ஒருவரிடமும் கேட்டு, கலெக்டருக்குக் கொடுக்க ஒரு மனு எழுதியிருக்கிறோம். அதில் உள்ளதைச் சுருக்கிச் சொல்கிறோம்.

லைசென்ஸ் இல்லாதவன் துப்பாக்கியைத் தொடலாம் என்று நாம் கேட்கவில்லை. வண்டியில் பத்துப் பேருடைய துப்பாக்கியை ஏற்றிக்கொண்டு ஒருவன் ஊர் ஊராகப் போவதையும் நாம் ஏற்கவில்லை. அது வழியில் பறிபோனால் யார் தலையில் விடியும்? நாம் கேட்பது, துப்பாக்கி அதன் சொந்தக்காரர் கையிலேயே இருக்கட்டும், சாமான் பெட்டி மட்டும் ஊருக்கு வரட்டும் என்பது. குழல், குதிரை மாதிரி பாகங்களைக்கூடச் சட்டம் துப்பாக்கி என்றே எண்ணுகிறது என்பதால் பாகங்களுக்கும் ரிஜிஸ்தரில் கணக்கு வைக்கத் தம்பி தயார் என்கிறார்.

இடம் வேண்டும் என்கிறீர்களா, கொடுங்கள். கம்யூன் அலுவலக வளாகத்திலோ கூட்டுறவுச் சங்கக் கட்டடத்திலோ ஒரு பூட்டுப் போட்ட அறை போதும். அதுவே அவர் லைசென்ஸில் எழுதுகிற இடம். வருஷத்தில் ரெண்டு தடவை, குறுவைக்கு முன்னால் ஒன்று, சம்பா கதிர் பிடிக்கும் முன்னால் ஒன்று, ஒவ்வொரு ஸ்டேஷன் சரகத்திலும் பழுது பார்க்கிற நாள் என்று வையுங்கள். ஸ்டேஷன் வாசலிலேயே, போலீஸ் முன்னாலேயே நடக்கட்டும். சொந்தக்காரர் புத்தகத்தோடு வருவார், கூடவே நிற்பார், வேலை முடிந்ததும் எடுத்துப் போவார். அங்கேயே புத்தகத்தைச் சரிபாருங்கள், நம்பரைச் சரிபாருங்கள். கம்ப்யூட்டரில் ஏற்றிய தனி அடையாள எண் இல்லாத பழைய புத்தகம் எத்தனை பெரியவர்களிடம் இருக்கிறது என்பதும் அன்றைக்கே தெரிந்துவிடும். போலீசுக்கும் இதில் லாபம்தான்.

இந்த ஏற்பாட்டுக்கு இடம் தாண்டிப் போய் வேலை செய்ய லைசென்ஸில் நிபந்தனை சேர்க்க வேண்டுமென்றால், கலெக்டர் தன் அதிகாரத்தில் முடிந்ததைச் செய்யட்டும். முடியாததை மத்திய உள்துறைக்கு எழுதட்டும். எழுதின நகலை நமக்குக் கொடுக்கட்டும். தம்பி மனுப் போட்டால் கடை இல்லை, சொத்து இல்லை என்று வாய்வார்த்தையில் திருப்பி அனுப்பாமல், மறுப்பதானால் 14-வது பிரிவுப்படி காரணத்தை எழுத்தில் கொடுக்கட்டும். போலீஸ் அறிக்கை வரவில்லை என்று மாசக்கணக்கில் கட்டி வைக்க வேண்டிய அவசியமும் இல்லை. குறித்த காலத்துக்குள் அறிக்கை வராவிட்டால் காத்திராமல் முடிவு செய்யலாம் என்று 13-வது பிரிவே சொல்கிறது.

தேர்தல் விஷயமும் மனுவில் இருக்கிறது. தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்கிறார்கள். ஜாமீனில் இருப்பவர், குற்றப் பின்னணி உள்ளவர், கலவரத்தில் சம்பந்தப்பட்டவர் என்று ஒவ்வொருவராகப் பார்த்து முடிவு செய்ய ஒரு குழு இருக்க வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் வழிகாட்டுதல். மேலிருந்து கீழ்வரை எல்லாரையும் கொண்டுவா என்று வாய்மொழியில் சொல்வது முறையில்லை. அப்படியும் ஒப்படைக்கிறோம், பரவாயில்லை. ஆனால் ரெண்டு மாசம் ஸ்டோர் ரூமில் எண்ணெய் இல்லாமல் கிடந்து துருப்பிடித்து வருகிற துப்பாக்கியை யார் சரி செய்து கொடுப்பது? திருப்பிக் கொடுக்கிற அன்றே பழுது பார்க்கிறவரையும் அங்கே உட்கார வைத்தால் ஒரே நாளில் வேலை முடியும்.

இதற்கு வருகிற எதிர்ப்பேச்சு நமக்குத் தெரியும். "உங்களுக்கு வசதி பண்ணிக் கொடுத்தா, அதைப் பார்த்துக் கள்ளத்துப்பாக்கிக்காரனும் வருவான்" என்பார்கள். கள்ளத்துப்பாக்கி வைத்திருக்கிறவன் ஸ்டேஷன் வாசலில் வரிசையில் நிற்பானா? அவனுக்குப் பழுது பார்க்க ராத்திரியில் ஆள் இருக்கிறது. பகலில் ஆள் இல்லாமல் தவிக்கிறவன் லைசென்ஸ்காரன்தான். யோக்கியனுக்கு வழியை அடைத்தால் அவனில் நாலு பேர் ராத்திரி வழிக்குப் போவான், அப்போது போலீசுக்குத்தான் வேலை கூடும்.

"எத்தனை பேர்கிட்ட இருக்கு, இதுக்கு ஒரு மனுவா?" என்றும் கேட்பார்கள். எண்ணிக்கை குறைவுதான், மறைக்கவில்லை. குறைவாக இருப்பதால்தான் யாரும் கடை வைக்கவில்லை, கடை இல்லாததால்தான் ஊருக்கு வருகிற ஆளைக் கேட்கிறோம்.

தம்பி தன் மனுவை எழுதி முடித்துவிட்டார். ஐ.டி.ஐ. சான்றிதழ், ரேஷன் கார்டு, ஆதார் நகல் எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறார். சங்கத்தின் மனுவில் கையெழுத்துப் போட வேண்டியது நாம்தான். துப்பாக்கி வைத்திருப்பவர்கள் மட்டுமில்லை, பன்றியால் கடலை போனவர்களும், பக்கத்து வயலில் கரண்ட் கம்பி கட்டியிருக்கிறதே என்று ராத்திரி தண்ணி பாய்ச்சப் போகப் பயப்படுகிறவர்களும் வந்து போடுங்கள். லைசென்ஸ் உள்ளவர்கள் புத்தகத்தின் முதல் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து வாருங்கள். எந்தத் தேதி வரை செல்லும் என்பது தெரிகிற மாதிரி இருக்கட்டும். துப்பாக்கியைக் கொண்டு வர வேண்டாம், புத்தகம் போதும்.